குறுக்குக் கோடு போட்ட ஏழு

1

இந்தக் கதை ஒரு குற்றத்திலிருந்து பிறந்தது. என்ன குற்றம் என்பதைப் பிறகு சொல்கிறேன். இப்போதே சொன்னால் நீங்கள் யூலாலியாவைப் பார்க்கமாட்டீர்கள்.

முதல் தொடக்கம்: 'பால்ட்ரா தீவின் போர்க்கால விமானத்தளத்தில் இன்று வெறும் சிமெண்டுத் தரைகளும் கள்ளிகளும்…' (வேண்டாம். சுற்றுலாத் துண்டறிக்கை.)

இரண்டாவது: அந்தத் தளத்தின் மிச்சம் எங்கள் வீட்டுச் சுவர்களில் இருக்கிறது. போர் முடிந்து அங்கிருந்த அமெரிக்கர்கள் போன பிறகு, சிப்பாய்க் கொட்டகைகளைப் பிரித்துப் பலகைகளைப் படகில் பக்கத்திலிருக்கும் எங்கள் தீவுக்கு ஏற்றிவந்து எங்கள் ஆட்கள் வீடு கட்டினார்கள். பலகைகளில் கறுப்பு மையில் கொட்டகை எண் இருக்கும்.

2

யூலாலியாவின் வீடும் அப்படிக் கட்டியதுதான். ஊரில் ஓர் ஓட்டல் போர்க்கால மதுக்கூடம் ஒன்றை அமைக்கக் கிளம்பியது. எண் போட்ட பலகைதான் வேண்டுமாம். வீட்டுப் பத்திரம் அவள் தம்பி வில்மர் பேரில் இருந்தது. அக்காவிடம் கேட்காமலே பலகைகளை விற்கக் கையெழுத்துப் போட்டுவிட்டான்.

"சுவத்தக் குடுத்துட்டு நான் எங்கடா படுக்கிறது?"

"சிமெண்டுக் கல்லு வச்சுக் கட்டித் தர்றேன்க்கா."

"நீ கட்டுன கோழிக்கூட்டுக்கே இன்னும் கதவு வரல."

(முதல் வரைவில் இங்கே அழுதாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை. அந்த வரியை அடித்துவிட்டேன்.)

3

உப்புத்தாள் வாங்கிவந்து ஒரே நாளில் எல்லா எண்களையும் தேய்த்தெடுத்தாள். எண் போனால் அது வெறும் பழைய பலகை. ஓட்டல்காரர் வந்தார், பார்த்தார், உதட்டைப் பிதுக்கிவிட்டுத் திரும்பிப் போ

இந்த வாக்கியத்தை முடிக்க ஆசைதான். ஆனால் எண் இல்லாமலே பலகைகள் ஓட்டலுக்குப் போயின. யூலாலியா தார்ப்பாய்க்குள் இருக்கிறாள். சிமெண்டுக் கல் வரவில்லை.

4

எண்களைத் திரும்ப எழுதியவன் நான். கையெழுத்து நன்றாக இருக்குமென்று கூப்பிட்டார்கள். என்ன எண் போட என்று கேட்டேன். "ஏதாவது போடுப்பா, எவனுக்குத் தெரியப்போவுது" என்றார் ஓட்டல்காரர். இட்டுக்கட்டினேன். நான் எழுதியவற்றில் ஊர் நம்பியது அது ஒன்றைத்தான்.

மை காய்வதற்குள் யூலாலியா வந்து நின்றாள். ஒவ்வொன்றாகப் படித்தாள்.

"ஏழுக்குக் குறுக்க கோடு போட்டிருக்க."

"நாம அப்பிடித்தானக்கா எழுதுவோம்?"

"நாம எழுதுவோம். அமெரிக்கக்காரன் எழுதமாட்டான். நாப்பது வருசம் அந்த நம்பர் மூஞ்சியிலதான் முழிச்சிருக்கேன்."

அழி என்றும் சொல்லவில்லை, விடு என்றும் சொல்லவில்லை. போய்விட்டாள்.

5

முடிவு அ: கோட்டைச் சுரண்டி எடுத்தேன்.

முடிவு ஆ: விட்டுவிட்டேன். என்றைக்காவது ஓர் அமெரிக்கக் கிழவர் கோப்பையோடு நிமிர்ந்து பார்ப்பார், சிரிப்பார்.

இரண்டிலும் யூலாலியாவுக்குச் சுவர் இல்லை. ஆகவே எது பிடிக்கிறதோ எடுத்துக்கொள்ளுங்கள். நம்பிக்கை இல்லையென்றால் அந்த மதுக்கூடத்துக்கு நேரில் போய்ப் பாருங்கள். கதவுக்கு இடப்பக்கம் மூன்றாவது பலகை. சாய்ந்து உட்காரலாம். நல்ல சுவர், மழை உள்ளே வராது.