மேலறைக்கு ஒரு கர்ட்டின்

மிரெலாவுக்கு மறுக்கத் தெரியாது என்பதை அவளுக்கு முதன்முதலாகப் பிட்டு வைத்த அன்றே கண்டுபிடித்துவிட்டேன்.

எங்கள் ஆட்களின் வழக்கம் தெரியும்தானே. விருந்தாளி "போதும்" என்பார், நாங்கள் இன்னொரு கரண்டி வைப்போம். "ஐயோ போதும்" என்றால் இன்னும் கொஞ்சம். தட்டைக் கையால் மறைத்தாலும் விரலிடுக்கால் கொஞ்சம் விழும். மிரெலா போதும் என்றே சொல்லவில்லை. அவள் சொல்லுவாள் சொல்லுவாள் என்று நான் வைத்துக்கொண்டே போனேன். கடைசியில் மேலே போய் வாந்தி எடுத்துவிட்டு, முகம் கழுவி வந்து, "நல்ல ருசி, மச்சாள்" என்றாள்.

"எடி விசரி, போதுமெண்டு சொல்லியிருக்கலாமெல்லே?"

"சொல்லலாமா?" என்று கேட்டாள். அந்த நிமிடமே அவளை எனக்குப் பிடித்துவிட்டது.

அவள் ருமேனியாக்காரி. ஹவுன்ஸ்லோவில் விமானங்களுக்குச் சாப்பாடு தயாரிக்கிற கிச்சினில் அவளுக்கும் என் தம்பி ஆனந்தராஜாவுக்கும் ஒரே ஷிப்ட். ஊரில் சண்டைக் காலத்தில் ஆமிக்காரர் பிடித்து அடித்து விட்ட நாளிலிருந்து சிரிப்பை மறந்திருந்தவன் என் தம்பி. கிங்ஸ்பரியில் என் வீட்டுக்கு இவளைக் கூட்டிவந்த அன்று, பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். அது 1988. எனக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? ஆவணியில் கல்யாணம் என்று நானே நாள் பார்த்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வெங்காயம் உரித்தபடி தன் கதையைச் சொன்னாள். ஆங்கிலத்தில்தான் சொன்னாள், எனக்கு வாய்த்த தமிழில் சொல்கிறேன்.

"அங்கை எல்லாத்துக்கும் ஓமெண்டு தலையாட்டுறதுதான், மச்சாள். கட்சிக் கூட்டத்திலை முதல் தூக்கிற கை என்ரை. தலைவரைப் புகழுற பாட்டிலை பெரிய குரலும் என்ரைதான். எங்கடை கட்டடத்திலை கீழ்வீட்டு மனுசி ஆர் வருகினம், ஆர் போகினமெண்டு பார்த்துக்கொண்டே இருப்பா, கதைக்கிறதைக் கேட்டுப் பொலிசுக்கும் சொல்லுவா. அதாலை தண்ணிப் பைப்பைத் திறந்துவிட்டுத்தான் அம்மாவோடை உண்மை கதைப்பன்."

தான் வேலை செய்த ஆலையின் பாட்டுக்குழுவோடு லண்டனுக்குப் பாட வந்த இடத்தில்தான், திரும்பிப் போகாமல் ஓடினாள். புறப்படுவதற்கு முந்திய வாரம் அடுத்த ஆண்டு ஊர்வலத்துக்குத் தானே பெயர் கொடுத்தாளாம். தன் அறைக்குப் புதுக் கர்ட்டின் வாங்கி, தைத்து, எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினாளாம்.

"புதுக் கர்ட்டின் போட்டவள் ஓடுவாளெண்டு ஆர் நினைப்பினம்?" என்றாள். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு, "அம்மா இப்ப அந்தக் கர்ட்டினைத்தான் பாத்துக்கொண்டிருப்பா" என்றாள். என் சிரிப்பு நின்றுவிட்டது. கண்ணீருக்கு வெங்காயம் நல்ல சாட்டாய்ப் போனது.

கல்யாண ஏற்பாடு முழுவதும் என் பொறுப்பு. வெம்பிளியில் ஹோல், கூறைச்சேலை, கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் வீட்டு மேலறையில் குடித்தனம். எல்லாவற்றுக்கும் ஓம் என்றாள். என் மனுசன் குருமூர்த்தி பேப்பருக்குப் பின்னால் இருந்து, "பிள்ளையைக் கேட்டியே?" என்றார்.

"கேட்டனான். ஓமெண்டவள்."

"அவள் எதுக்கு இல்லையெண்டவள்?"

மனுசன் ஆண்டுக்கு ஒருமுறைதான் வாய் திறப்பார். திறந்தால் இப்படித்தான்.

கல்யாணம் சனிக்கிழமை. புதன்கிழமை மத்தியானம் மணி அடித்தது. வாசலில் மிரெலா, முகம் முழுக்கச் சிரிப்பு. மேலறை நல்ல அறை என்றாள், இப்படி வெளிச்சம் லண்டனில் எங்குமே கிடையாது என்றாள், பொங்கலுக்குக் கோலம் தானே போடுவேன் என்றாள். பையைத் திறந்து மேசையில் விரித்தாள். மஞ்சள் பூப்போட்ட துணி, ஓரம் மடித்துத் தைத்திருந்தது.

கர்ட்டின்.

ஐயோ, இவள் ஓடப்போகிறாள். என் தம்பி மணவறையில் தனியாய் இருக்கப்போகிறான். இனி ஆர் வந்து அவனைச் சிரிக்கவைப்பது? எனக்குக் கோபம் வந்தால் குரல் தெருமுனைக்குக் கேட்கும். அன்று நான் கத்தவில்லை. போய்க் குசினிப் பைப்பை முழுக்கத் திறந்துவிட்டேன். சிங்கில் தண்ணீர் சோவென்று கொட்டியது.

"இப்ப சொல்லு பிள்ளை. எப்ப ஓடப்போறாய்?"

அவள் சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கியது. பைப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியாது, மச்சாள். துணியைக் கண்டன், வாங்கினன், தைச்சன். ஏனெண்டு யோசிக்கேல்லை. பஸ்ஸிலை வரேக்கைதான் நான் என்ன செய்யிறனெண்டு விளங்கினது. எனக்கே பயமாப் போச்சு."

"ஆனந்தனை வேண்டாமே?"

"வேணும்!" கத்தியே விட்டாள். "ஆனந்தன் வேணும். சேலையும் வேணும், அது வடிவு."

"அப்ப என்ன கோதாரியடி வேண்டாம்?"

தம்பி ஷிப்டில் நாள் முழுக்கப் புறுபுறுக்கிற தமிழ்ச் சொல் ஒன்று அவளுக்குத் தெரியும். அதைத்தான் தேடிப் பிடித்தாள்.

"ஏலாது" என்றாள், கேட்டும் கேளாமலும்.

"சத்தமாச் சொல்லு."

"மேலறை ஏலாது. ஆர் வருகினம், ஆர் போகினமெண்டு நீங்கள் அன்பாத்தான் பாப்பியள். தெரியும். ஆனா என்னாலை ஏலாது. எனக்கு என்ரை கதவு வேணும். அதைப் பூட்ட என்ரை திறப்பு வேணும்."

அந்த அறைக்கு நான் பெயின்ட் அடித்திருந்தேன். புது மெத்தை வாங்கியிருந்தேன். கீழ்வீட்டு மனுசியோடு என்னைச் சேர்த்துவிட்டாளே என்று ஆத்திரமாய் வந்தது. அதே நேரம் அவளைக் கட்டிப்பிடித்துக் கொஞ்ச வேண்டும்போலவும் இருந்தது. இரண்டு வருடமாய் இந்த நாட்டில் இருக்கிறவள், இன்றைக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறாள். ஓடுகிறவளாக இருந்தால் ஓம் என்றல்லவா சொல்லியிருப்பாள்?

பைப்பை மூடினேன். கண்ணைத் துடைத்தேன்.

"ஹவுன்ஸ்லோவிலை அறை பாக்கச் சொல்லி ஆனந்தனுக்கு நான் சொல்லுறன். கர்ட்டினை அங்கை கொண்டுபோய்ப் போடு. இப்ப இருந்து சாப்பிடு."

பிட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்தேன். சாப்பிட்டாள். இன்னொரு கரண்டி அள்ளிக்கொண்டு போனேன். மிரெலா தட்டின்மேல் கையை வைத்தாள்.

"போதும், மச்சாள்."

விரலிடுக்கு நன்றாகத் தெரிந்தது. கரண்டியைத் திரும்பப் பாத்திரத்திலேயே வைத்துவிட்டேன்.