பிற்பகல் படம்

1.

இந்தக் கதை ஓர் ஈரத்தாளிலிருந்து வந்தது. கற்பனை என்று சொல்லி உங்களை ஏய்க்க மாட்டேன். கற்பனை செய்கிறவர்களை நான் நம்புவதில்லை. (வாசிக்கிறவர்களையும் அவ்வளவாக இல்லை.)

முதல் தொடக்கம்: 'வங்கக் கடலின் மேல் கருமேகங்கள் திரண்டு…' வேண்டாம். சிங்கப்பூரில் அன்று மண்டையைப் பிளக்கும் வெயில்.

இரண்டாவது தொடக்கம்: எழுபதுகள் முடியும் தறுவாயில், தோ பாயோவில் குடியிருந்த மரியஅந்தோணி வானிலை அலுவலகமொன்றில் கடைநிலை ஊழியர்.

இது போதும்.

2.

சின்னச் செயற்கைக்கோள் ஒன்று தலைக்கு மேலே கடந்து போகும். போகிற கால் மணி நேரத்துக்குள் அது அனுப்பும் படம், இயந்திரத்தில் கோடு கோடாக ஈரத்தாளில் இறங்கும். மரியஅந்தோணி அதைக் கிழித்து, காயவைத்து, கிராணி (எழுத்தர்) ஜலாலுதீனின் மேசையில் வைப்பார். ஜலாலுதீன்தான் பேனாவால் கரைகளை வரைவார். அதுவரை படத்தில் ஊரும் இல்லை, பேரும் இல்லை. மேகம் மட்டும்.

ஆறு வருஷமாக அவருக்குக் காலை வேலை. கரை வரையுமுன்பே, இடது மேல்பக்கம் நாகப்பட்டினம், வலது கீழ்ப்பக்கம் பினாங்கு என்று விரல் வைத்துச் சொல்லிவிடுவார். சிராங்கூன் சாலையில் நாலு பேர் அவரிடம் மழை கேட்டுத்தான் துணி காயப்போட்டார்கள். அதில் அவருக்குப் பெருமை. (திமிர் என்று வாசியுங்கள்.)

மனைவி பிலோமினம்மாள் வேளாங்கண்ணியில் நேர்த்திக்கடனை முடித்துவிட்டு, நாகப்பட்டினத்தில் அக்காள் வீட்டில் கப்பலுக்குக் காத்திருந்தாள். வெள்ளிக்கிழமை மதியம் கப்பல்.

3.

புதன்கிழமை பிற்பகல் வேலைக்கு ஆள் வரவில்லை. 'நீங்களே இருங்க அண்ணே' என்றார்கள். இருந்தார். படம் இறங்கியது. வலது கீழ்ப்பக்கம் பெரிய வெள்ளைச் சுழி. பினாங்கு. கப்பல் வரும் வழி.

ஜலாலுதீன் தேநீர் குடிக்கப் போயிருந்தார். அவர் வரட்டும் என்று பொறுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

தந்தி அலுவலகத்தில் பழகிய ஆள் பரமசிவம், அவர் மனைவிக்கு எழுதிய தந்தித்தாளை வாங்கி உரக்கப் படித்தார்.

"கப்பல் ஏறாதே. நாகையிலேயே இரு. அவ்வளவுதானா? ஏன்யா, இங்க வேற யாராச்சும் ஆக்கிப் போடுறாங்களா?"

"புயல்யா. கண்ணால பாத்தேன்."

"ரேடியோவுல ஒண்ணும் சொல்லலையே லா?"

"ரேடியோவ நீ நம்பு. நான் என் கண்ண நம்புறேன்."

4.

வியாழன் காலை. ஜலாலுதீன் படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நேத்துப் படம் பாத்தீங்களா அண்ணே? பாவம், நாகப்பட்டினத்துக்காரங்க."

"பினாங்குதானே?"

ஜலாலுதீன் சிரித்தார். நேற்றைய தாளை இறங்கின வாக்கில் வைத்து, மேசையிலேயே அரைவட்டமாகத் திருப்பினார். வலது கீழே கிடந்த சுழி இடது மேலே போய் உட்கார்ந்தது.

"காலையில கோள் தெக்கே இறங்குது, படம் நேரா வருது. பிற்பகல்ல வடக்கே ஏறுது, தலைகீழா வரும். திருப்பி வச்சுத்தான் கரை போடுவோம். ஆறு வருஷமா இருக்கீங்க, தெரியாதா?"

யாரும் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை.

அந்தக் கணத்தில் அவர் உள்ளம்—

(எழுத வரவில்லை. கழிப்பறைக்குப் போனார். அதுதான் நடந்தது.)

பிறகு தந்தி அலுவலகத்துக்கு நான் ஓடி— 'நான்' என்பதை அடித்துவிட்டேன். அவர் ஓடினார்.

"நாகையில் இருக்காதே. கப்பல் ஏறு." பரமசிவம் இந்தத் தடவை கேலி செய்யவில்லை. "நேத்து இருன்னீங்க, இன்னிக்கு ஏறுங்குறீங்க. அந்தம்மா எதய்யா நம்பும்?"

* இந்தக் கேள்வியைக் கதையிலிருந்து எடுத்துவிட மூன்று முறை பார்த்தேன். போக மாட்டேன் என்கிறது.

5.

புயலுக்குப் பயந்து கப்பல் வெள்ளிக்கிழமை காலையிலேயே நாகையை விட்டுக் கிளம்பியது. இரவு புயல் அங்கே கரையேறியது. கம்பிகள் அறுந்தன. இரண்டு தந்திக்கும் பதில் இல்லை. லூர்து மாதா கோயிலில் அவருக்காகச் செபம் சொன்னார்கள். யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் முழங்காலில் இருந்தார்.

ஆறாம் நாள் துறைமுகத்துக்குக் கப்பல் வந்தது. அவர் வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஆட்கள் ஏணியில் இறங்குகிறார்கள்.

முடிவு ஒன்று: நீலச் சேலை, கையில் தகரப்பெட்டி…

முடிவு இரண்டு: அக்காளின் வீடு கடலிலிருந்து…

இரண்டையும் நான் முடிக்கப் போவதில்லை. என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். இரக்கமுள்ளவர்கள் அவளை ஏணியில் இறக்கிவிடுவீர்கள். இறக்குங்கள். ஆனால் இறங்கியவுடன் அவள் பையிலிருந்து முதல் தந்தியை எடுத்து நீட்டுவாள். "இத ஏங்க அனுப்புனீங்க?"

அதற்கு அவர் சொன்ன பதிலையும் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் எழுதிப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும், 'கண்ணால பாத்தேன்' என்றுதான் வருகிறது.