குத்துக்கோடு மூன்று இடத்தில் வெட்டியது

நாங்கள் வேலைக்கு ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது சுருளி அண்ணனின் ஜீப் அங்கே இல்லை. எங்களுக்குப் பத்து நிமிடம் முன்னால் கோம்பையிலிருந்து கிளம்பிய ஜீப் அது. அதில்தான் அம்மா இருந்தாள்.

வழியில் நாங்கள் எந்த வண்டியையும் பார்க்கவில்லை. அன்று எதுவுமே தெரியவில்லை என்பதுதான் உண்மை. எங்கள் டிரைவர் ஜெபராஜ் அண்ணன் தலையை வெளியே நீட்டி, ரோட்டின் விளிம்பைப் பார்த்துப் பார்த்துத்தான் மூடுபனிக்குள் ஓட்டி வந்தார்.

"எங்கனயாவது ஒதுக்கி நிறுத்தியிருப்பாக," என்றாள் முத்துப்பேச்சி அக்கா.

ஒதுக்கி நிறுத்த அந்த ரோட்டில் இடம் கிடையாது.

சூப்பர்வைசர் சுரேஷ்கண்ணன் போனை எடுத்தார். தினமும் கிளம்பும்போது டிரைவர்கள் அவருக்கு லொக்கேஷன் போட்டுவிட வேண்டும். சுருளி அண்ணனின் நீலப் புள்ளி 6.20க்கு நின்றிருந்தது. இப்போது ஆறே முக்கால். கூப்பிட்டால் சுவிட்ச் ஆஃப்.

"எந்த இடம்ணே?"

அவர் படத்தை விரல்களால் பெரிதாக்கினார். புள்ளியைச் சுற்றி வெளிறிய ஒரு வட்டம் இருந்தது. வட்டத்துக்குள் ரோடு மூன்று தடவை ஓடியது. நான்காவது வளைவுக்கு மேலே ரோடு, மடித்து வைத்த சேலைக் கரை மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாக ஏறும். கீழ் ரோடு, நடு ரோடு, மேல் ரோடு. மூன்றுமே புள்ளிக்குப் பக்கத்தில்தான் இருந்தன.

"விழுந்திருந்தா கீழதாண்ணே கிடக்கும். கீழ் ரோட்டுக்கே போவோம்," என்றார் ஜெபராஜ் அண்ணன்.

"ஏலே, கிறுக்கா. அதுக்குக் கீழ ஓடை வரைக்கும் சரிவு. ஒத்தக் கயித்த வச்சுக்கிட்டு எங்கனன்னு இறங்குவ? நூத்தெட்டு வர ஒரு மணி நேரமாகும்னு சொல்றாக," என்றார் சுரேஷ்கண்ணன்.

'விழுந்திருந்தா' என்ற சொல்லை அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டேன்.

சாப்பாட்டுப் பைக்குள், தூக்குவாளிக்கு அடியில் என் நோட்டு இருந்தது. பத்தாவதில் கணக்கில் பெயிலான பிறகு நான் பள்ளிக்கூடம் போகவில்லை. தனியாகப் பரீட்சை எழுதலாம் என்று யாரிடமும் சொல்லாமல் படித்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு பாடம், ஒரு வளைவரை சார்பா இல்லையா என்று கண்டுபிடிப்பது. அதன் குறுக்கே நேராக ஒரு குத்துக்கோடு போட வேண்டும். கோட்டை எங்கே நகர்த்தினாலும் ஓர் இடத்துக்கு மேல் வெட்டக் கூடாது. இரண்டு இடத்தில் வெட்டிவிட்டால் அது சார்பு இல்லை.

புத்தகத்துப் படங்கள் தீர்ந்துபோனதால் இந்த ரோட்டை வரைந்து பார்த்தேன். பென்சிலைச் செங்குத்தாக வைத்தால் மூன்று இடத்தில் வெட்டியது. ரோடு சார்பு இல்லை. பிறகு கிடையாக நிமிடத்தையும் மேல்நோக்கி வளைவின் எண்ணையும் போட்டு, தினமும் ஜீப்பில் வரும்போது குறித்தேன். அது ஒரே இடத்தில்தான் வெட்டியது. ஒரு நேரத்தில் ஒரு ஜீப் ஓர் இடத்தில்தானே இருக்க முடியும்.

நான்காவது வளைவில் கேரளா டவர் கிடைக்கும். அங்கே வந்ததும் அம்மா எனக்கு ஒரு மிஸ்டு கால் விடுவாள். இன்றும் வந்திருந்தது. 6.10.

ஆண்கள் கூடியிருக்கும் இடத்தில் நான் வாய் திறந்ததே இல்லை. "அண்ணே," என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. சுரேஷ்கண்ணன் அண்ணனின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"என்ன புள்ள?"

நோட்டைத் திறந்து நீட்டினேன். ஜீப்பின் கோட்டில் விரலை வைத்தேன். "நாலாவது வளைவுல ஆறு பத்து. அங்கருந்து ஒவ்வொரு மடிப்புக்கும் நாலு நிமிசம். ஆறு இருபதுன்னா மேல் ரோட்டுல நடுப்பக்கம் வரும்ணே."

அவர் நோட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இதெல்லாம் எப்ப எழுதுன?"

"கேள்வி கேக்குற நேரமாண்ணே இது? வண்டிய எடுங்க," என்று ஜெபராஜ் அண்ணனே கத்தினார்.

மேல் ரோட்டின் நடுப்பக்கத்தில் இறங்கினோம். ஆறு பேர் கைகோத்துக்கொண்டு விளிம்போடு நடந்தோம். "சுருளி!" என்று கத்தினால் சத்தம் பனிக்குள் போய் அப்படியே அடங்கியது. விளிம்பு நெடுக அடர்ந்திருக்கும் உண்ணிச்செடி எங்கேயும் ஒடிந்திருக்கவில்லை. ஓடிப் போய்ப் பார்த்தோம், திரும்பி ஓடி வந்தோம். அரை மணி நேரம் போய்விட்டது. நான் தப்பாகச் சொல்லிவிட்டேனா? கணக்கில் தப்பு செய்வது எனக்குப் புதிது இல்லை. அப்போதெல்லாம் மதிப்பெண்தான் போகும்.

முத்துப்பேச்சி அக்கா ரோட்டிலேயே உட்கார்ந்து அழத் தொடங்கினாள். "ஆத்தா, வெள்ளிக்கிழமையும் அதுவுமா இப்படிப் பண்ணிட்டியே! சூடம் கொளுத்திக் கும்பிடாம சுருளியண்ணே வண்டிய நகத்த மாட்டாகளே!"

எனக்குத் தலையில் அடித்தது போல இருந்தது.

கீழ் ரோடு முடிகிற ஐந்தாவது வளைவில் ஒரு பாறைக்கடியில் அம்மன் இருக்கிறாள். வெள்ளிக்கிழமை சுருளி அண்ணன் அங்கே நிறுத்திச் சூடம் கொளுத்துவார். இறங்கிக் கும்பிடாத எங்கள் அம்மா ஜீப்புக்குள்ளேயே உட்கார்ந்திருப்பாள். ஜெபராஜ் அண்ணனும் எங்களைப் போலச் சர்ச்சுக்குப் போகிறவர், அங்கே நிறுத்த மாட்டார். நான் தினமும் குறித்தது ஜெபராஜ் அண்ணனின் ஜீப்பை. அந்தக் கோட்டை வைத்துக்கொண்டு சுருளி அண்ணனின் ஜீப்பைத் தேடியிருக்கிறேன். அவருடைய கோட்டில் ஐந்தாவது வளைவில் ஒரு கிடைக்கோடு உண்டு. நிமிடம் போகும், இடம் மாறாது.

"அக்கா, எவ்வளவு நேரம் நிப்பாக?"

"என்னத்தா?"

"சூடம் கொளுத்த எவ்வளவு நேரம் நிப்பாக, சொல்லுக்கா!"

"அணையிற வரைக்கும்... நாலு நிமிசம், அஞ்சு நிமிசம்..."

பத்து நிமிடத்தில் நின்ற நாலு போனால் ஆறு. ஆறு நிமிடம் என்றால் நடு ரோடு.

"நடு ரோடு," என்றேன். யாரும் அசையவில்லை. சுரேஷ்கண்ணன் அண்ணனின் முகம் சுருங்கியிருந்தது. "முதல்ல மேலன்ன. இப்ப நடுவுலங்கிற. நாளைக்கு வேற சொல்லுவியா?" என்றார். நான் அவருக்குப் பதில் சொல்லாமல் வளைவை நோக்கி ஓடினேன். பின்னால் ஜீப் கிளம்பும் சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

நடு ரோட்டில் உண்ணிச்செடி இரண்டு ஆள் அகலத்துக்குச் சரிந்து கிடந்தது. வரும்போது இதே இடத்தைத்தான் நாங்கள் கடந்து வந்திருக்கிறோம். ஜெபராஜ் அண்ணன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினார். கொஞ்ச நேரம் கயிறு மட்டும் நகர்ந்தது. பிறகு நின்றது. நான் ஜெபம் செய்ய முயன்றேன். சொற்கள் வரவில்லை, எண்கள்தான் வந்தன.

"மரத்துல முட்டி நிக்குது!" கீழேயிருந்து குரல் வந்தது. "ஆள் இருக்காக! எல்லாரும் இருக்காக! சுருளிக்குத்தான் பேச்சு மூச்சில்ல, நெஞ்சு அடிக்குது!"

நூற்றெட்டு வந்த பிறகு ஒவ்வொருவராகத் தூக்கினார்கள். அம்மா நான்காவதாக வந்தாள். அவளுடைய வலது கால் முழங்காலுக்குக் கீழே யாருடையதோ போலத் திரும்பியிருந்தது. என் கையைப் பிடித்தவள் விடவில்லை.

"மேல ஆளுக ஓடுற சத்தம் கேட்டுச்சு மகிமா," என்றாள். தொண்டை கட்டியிருந்தது. "அங்கிட்டும் இங்கிட்டும் ஓடுனாக. நாங்க கத்துனோம், கத்துனோம். யாருக்கும் கேக்கல. அப்பத்தான் எனக்குப் பயம் வந்துச்சு. விழுந்தப்பகூட அம்புட்டுப் பயமில்ல. யாருடி அவுக?"

ஆம்புலன்ஸ் கதவைச் சாத்த வந்தவர் என்னைப் பார்த்து நின்றார்.

"நான்தாம்மா," என்றேன். "நான்தான் அவுகள மேல கூட்டிட்டுப் போனேன்."

அம்மா கண்ணை மூடினாள். கையை மட்டும் விடவில்லை. நான் அப்படியே ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். வண்டி ஒவ்வொரு வளைவிலும் திரும்பும்போது அவள் விரல்கள் இறுகின. நானும் இறுகப் பிடித்துக்கொண்டேன்.