பதினான்காவது விரிசல்

அவரை ஆபீசில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, ‘ஸ்கேல்’ என்பார்கள். மூஞ்சிக்கு நேரே சொல்லும்போது மட்டும் ‘ஸ்கேல் அண்ணே’ என்று ஒரு மரியாதை ஒட்டிக்கொள்ளும். பழைய கட்டடங்களில் விழுந்திருக்கும் விரிசல்களைப் படமெடுத்து, இது ஆபத்து, இது ஆபத்தில்லை என்று எழுதிக் கொடுக்கிற ஆபீஸ் அது. எடுக்கிற ஒவ்வொரு படத்திலும் விரிசலை ஒட்டி ஓர் அட்டை தெரிய வேண்டும். உள்ளங்கை அகல பிளாஸ்டிக் அட்டை, ஒருவகை ஸ்கேல். மயிரிழையில் ஆரம்பித்து வரவரத் தடிக்கும் கோடுகள் போட்டு, பக்கத்தில் மில்லிமீட்டர் எண் எழுதியிருக்கும். விரிசலின் அகலத்தை அதை வைத்துத்தான் சொல்ல முடியும். அட்டை இல்லாத படத்தை ஸ்கேல் அண்ணன் திரும்பியும் பார்க்க மாட்டார். “அட்டை இல்லேன்னா விரிசலே இல்லே” என்பார். சரி, அட்டை இருந்தால் விட்டுவிடுவாரா? அதுதான் இல்லை. அட்டை நேராக இருக்க வேண்டும், எண்கள் நிமிர்ந்து நிற்க வேண்டும், பிடித்திருக்கிற விரல் தெரியக் கூடாது. ‘உயிரை வாங்கறாருப்பா மனுஷன்’ என்று எல்லோரும் சொல்லிச் சிரிப்பார்கள். இப்போது யாரும் அப்படிச் சொல்வதில்லை.

காரணம் மாப்பிள்ளை. அண்ணனின் ஒரே தங்கையைக் கட்டியவன். அதே ஆபீசில் உயரத்தில் ஏறிப் படமெடுக்கிற வேலை அவனுக்கு. தண்ணீர்த் தொட்டி, புகைபோக்கி, பதினைந்து மாடி, எது என்றாலும் விசிலடித்துக்கொண்டு ஏறுவான். ‘குரங்கு’ என்று பட்டப்பெயர். அவனே தனக்கு வைத்துக்கொண்டது. பதினோரு மாதத்துக்கு முன்னால் ஒரு பழைய தொட்டியின் ஏணியிலிருந்து விழுந்து செத்துப்போனான். இடுப்பில் பாதுகாப்பு பெல்ட் இல்லை. சட்டைப்பையில் ஆபீஸின் சின்ன கேமரா நொறுங்கிக் கிடந்தது.

அன்றிலிருந்து அண்ணனுக்கு எதுவும் உறைப்பதில்லை. அழவும் இல்லை. கொதிக்கக் கொதிக்க டீயைக் குடித்து நாக்கு பொத்துப்போனதே அவருக்கு இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. வேலைக்கு வருவார், போவார். யாராவது வேடிக்கையாகப் பேசினால், மற்றவர்கள் சிரித்து முடித்தபிறகு தானும் சிரிப்பார். தங்கை வீடு நாலே தெரு தள்ளித்தான் இருந்தது. வாரம் ஒருமுறை பழம் வாங்கிக்கொண்டு போய், பையைக் கேட்டில் மாட்டிவிட்டு, அவளுடைய ஒன்பது வயது மகள் ‘மாமா’ என்று ஓடி வருவதற்குள் தெருமுனை திரும்பிவிடுவார். கேட்டால் வேலை என்பார். என்ன வேலை, மண்ணாங்கட்டி! அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை, அவ்வளவுதான்.

ஏன் தெம்பில்லை என்பது அவர் ஒருவருக்கு மட்டுமே தெரியும்.

அன்றைக்கு மாப்பிள்ளை எல்லாப் படத்தையும் எடுத்து முடித்து, இறங்கி, பெல்ட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து உட்கார்ந்துவிட்டான். அண்ணன் கேமராவின் குட்டித் திரையில் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். பதினான்காவது விரிசலில் அட்டை தலைகீழாக இருந்தது. எண்ணைப் படிக்க முடியாமல் ஒன்றும் இல்லை. கேமராவைத் திருப்பிப் பிடித்திருந்தால் தீர்ந்தது விஷயம். ஆனால் ஸ்கேல் ஆச்சே!

“மாப்ள, பதினாலு சரியில்லே. இன்னொண்ணு எடுத்துடு.”

“சாப்பிட்டுட்டு ஏறறேன் மச்சான். பசி உயிர் போகுது.”

“ஒண்ணே ஒண்ணுதானே. சட்டுனு எடுத்துட்டு வந்து நிம்மதியா சாப்பிடு.”

சட்டென்று போய் வருகிறவன் பெல்ட்டை எடுத்து மாட்டிக்கொண்டா நிற்பான்? கையைத் துடைத்துக்கொண்டு, கேமராவைப் பையில் போட்டுக்கொண்டு ஏறினான். அண்ணன் அவன் இடுப்பைப் பார்க்கவில்லை. கையிலிருந்த பட்டியலில் பதினான்குக்கு எதிரே பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுக்கொண்டிருந்தார்.

விசாரிக்க வந்த அதிகாரி, “ரெண்டாவது தடவை யார் ஏறச் சொன்னது?” என்று கேட்டார். திட்டம் போட்டுச் சொன்ன பொய் இல்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. “அவரா ஏறினார்.” அதிகாரி ‘தன்னிச்சையாக’ என்று எழுதிக்கொண்டார். அந்த ஒரு வார்த்தை ஊரெல்லாம் சுற்றியது. குரங்கு வித்தை காட்டப் போய் விழுந்தான் என்று பேசிக்கொண்டார்கள். துக்கம் கேட்க வந்தவர்களே அதைப் பேசினார்கள், அந்தப் பிள்ளையின் காதுபட.

ஆபீஸ் தங்கைக்கு ரிப்போர்ட் டைப் அடிக்கிற வேலை கொடுத்தது. அண்ணன் மேசையிலிருந்து மூன்றாவது மேசை. “இது அரையா, முக்காலா அண்ணே?” என்று கேட்பாள், “அரை” என்பார். அதற்கு மேல் இருவருக்கும் பேச்சு ஓடாது.

இப்படியிருக்க, ஒருநாள் காலையில் முதலாளியம்மா அறையிலிருந்து எட்டிப் பார்த்துச் சத்தம் போட்டார். “எத்தனை நாளைக்கு போன்லயே எடுத்துக்கிட்டு இருப்பீங்க? பாதிப் படம் மங்கலா இருக்கு. இன்னிக்கே போய் ஒரு கேமரா வாங்கிட்டு வாங்க. ரெண்டு பேர் போங்க, பில்லுல ரெண்டு கையெழுத்து வேணும்.” அந்த நேரம் பார்த்து எதிரே இருந்தது அண்ணனும் தங்கையும்தான்.

கடை ஆபீசுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு முட்டுச்சந்தின் வாயில் இருந்தது. கடைக்காரப் பெண் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து இரண்டு கேமராக்களை எடுத்து வைத்தாள். வாய் ஓயாத பெண்.

“இது பாக்கெட் சைஸ் சார். சட்டைப்பையில போட்டா இருக்கிறதே தெரியாது. கிட்ட வச்சு எடுத்தீங்கன்னா எறும்போட காலை எண்ணிடலாம். ஆனா தூரத்துக்கு சரிப்படாது. இது சூப்பர் ஜூம். பிரிட்ஜ் கேமரான்னும் சொல்வாங்க. கனம்தான், கழுத்துல மாட்டிக்கணும். ஆனா நின்ன இடத்துலேருந்தே எல்லாத்தையும் எடுத்துடலாம். நீங்க என்ன சார் எடுப்பீங்க? கல்யாணமா, பறவையா?”

“விரிசல்.”

அந்தப் பெண் களுக்கென்று சிரித்தாள். இவர்கள் இருவரும் சிரிக்காததைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள்.

அண்ணன் முதலில் சின்னதைக் கையில் எடுத்தார். பழைய கேமராவோடு கூடப் பிறந்தது போல இருந்தது. அதே எடை, அதே வட்டப் பொத்தான். எடுத்த வேகத்தில் கீழே வைத்துவிட்டார். பெரியதை அந்தப் பெண்ணே அவர் கழுத்தில் மாட்டிவிட்டாள். “இந்தத் துவாரத்துல கண்ணை வச்சு, இதைத் தள்ளுங்க சார். அதோ, எதிர் வீட்டு மாடியில தண்ணித் தொட்டி தெரியுதா?”

வெறும் கண்ணுக்குக் கட்டைவிரல் அளவு தெரிந்த தொட்டி கிட்டக் கிட்ட வந்தது. சுண்ணாம்பு உரிந்த இடம் வந்தது. அதற்குக் கீழே ஒரு விரிசல், ஓரமெல்லாம் துருக்கறையோடு. அரை மில்லி இருக்கும் என்று மனசு தானாகக் கணக்குப் போட்டது.

“பாத்தீங்களா? கிட்ட போகவே வேண்டாம்!” என்றாள் கடைக்காரப் பெண்.

தங்கை, “இந்த மாதிரி எத்தனை வருஷமா வருது?” என்று கேட்டாள்.

“என்ன மேடம், பத்து வருஷத்துக்கு மேலயே வருதே. மாடல்தான் மாறும். இருங்க, இதுக்குப் பை ஒண்ணு இலவசம், எடுத்துட்டு வரேன்.” அந்தப் பெண் உள்ளறைக்குப் போனாள்.

அண்ணன் கண்ணை எடுக்கவில்லை. தங்கை அவர் தோளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு பேசினாள்.

“அவர் ஒரு படம் வெட்டி வச்சிருந்தார்ண்ணே, விளம்பரத்துலேருந்து. இன்னும் பீரோக் கதவுலதான் ஒட்டியிருக்கு. இதே மாதிரி கேமரா. உங்கிட்ட கேட்டேன்னு சொன்னார்.”

“கேட்டான்.”

“நீ என்ன சொன்னே?”

“கீழேருந்து எடுத்தா அட்டை வைக்க முடியாதுன்னு சொன்னேன்.”

“மீன் பிடிக்கிற நீளக் குச்சி நுனியில அட்டையை ஒட்டி நீட்டிடலாம்னு சொன்னாராமே?”

“சொன்னான். நாம என்ன மீன் பிடிக்கவா வந்திருக்கோம்னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவனும்தான்.”

இதைச் சொன்னபோதும் அவருக்கு உள்ளே எதுவும் அசையவில்லை. ரிப்போர்ட் வாசிப்பது போலத்தான் சொன்னார்.

“உன்னைச் சொல்லி என்ன? எந்தக் கேமராவை வாங்கிக் குடுத்திருந்தாலும் அவர் ஏறியிருப்பார். புத்தி அப்படி. பெல்ட்டைக் கழட்டிட்டு உக்காந்தவர், பிரிச்ச பொட்டலத்துல சோறு இருக்கு, திரும்பத் தானா போய் ஏறுவாரா ஒரு மனுஷன்? வீட்டுல ஒரு பிள்ளை இருக்கேன்னு ஒரு நிமிஷம் நெனச்சாரா? தினமும் காலையில அவர் போட்டோ முன்னாடி நின்னு திட்டறேன்ணே. வாய்க்கு வந்தபடி திட்டறேன். பாப்பாவும் இப்ப கூட சேர்ந்துக்கிட்டா. ‘ஏம்ப்பா விளையாட்டுக்கு ஏறினே’ன்னு கேக்கறா.”

அண்ணனின் விரல் ஜூம் பொத்தானிலேயே இருந்தது. தொட்டி இன்னும் கிட்டே வந்தது. இப்போது விரிசலைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

“அவனா ஏறலே” என்றார்.

“என்ன?”

“அவனா ஏறலே. நான்தான் ஏறச் சொன்னேன். பதினாலாவது படத்துல அட்டை தலைகீழா இருந்துச்சு. சாப்பிட்டுட்டு ஏறறேன்னான். நான்தான் சட்டுனு போயிட்டு வான்னேன். அதிகாரிகிட்ட மாத்திச் சொல்லிட்டேன்.”

எல்லாவற்றையும் எதிர் வீட்டுத் தொட்டியிடம் சொல்லி முடித்தார். உள்ளறையில் கடைக்காரப் பெண் அட்டைப்பெட்டியின் டேப்பைக் கிழிக்கிற சத்தம் கேட்டது.

“கண்ணை அதுலேருந்து எடு” என்றாள் தங்கை.

எடுத்தார். கண்ணைச் சுற்றி வட்டமாகத் தடம் பதிந்திருந்தது. அவள் ஒரு முழத் தூரத்தில் நின்றிருந்தாள்.

“இப்பச் சொல்லு.”

அவள் முகத்தைப் பார்த்து மறுபடியும் சொன்னார். ‘சட்டுனு’ என்ற வார்த்தையைச் சொல்லத்தான் ரொம்ப நேரம் ஆயிற்று.

“பதினோரு மாசம்” என்றாள் அவள். “பதினோரு மாசமா அந்த மனுஷனைத் திட்டிக்கிட்டிருக்கேன். நீ மூணாவது மேசையில உக்காந்து அரை, முக்கால்னு சொல்லிக்கிட்டிருந்தே. உன் மூஞ்சியில முழிக்கவே எனக்குப் புடிக்கலே.” முந்தானையால் அல்ல, புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “ஆனா சாயங்காலம் வீட்டுக்கு வா. பாப்பாகிட்ட நீயே சொல்லு. கேட்டுல நின்னு சொல்லிட்டு ஓடற வேலையெல்லாம் வேண்டாம். உள்ள வந்து, அவ முன்னாடி உக்காந்து சொல்லு. நாளைக்கு அந்த அதிகாரிக்கு ஒரு கடிதாசி. நான் அடிக்கிறேன், நீ கையெழுத்துப் போடு.”

“சரி.”

கடைக்காரப் பெண் பையோடு வந்தாள். “எது சார் எடுத்துக்கறீங்க?”

“பெருசு” என்றாள் தங்கை. “மீன் பிடிக்கிற குச்சி இங்க எந்தக் கடையில கிடைக்கும்?”

அந்தப் பெண் விழித்துவிட்டு, சந்து திரும்பினால் மூன்றாவது கடை என்று சொன்னாள். பில்லில் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். திரும்பும்போது தங்கை நாலு அடி முன்னால் நடந்தாள்; ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் அண்ணன் வெறுங்கையோடு போனார். பழம் வாங்க மறந்துவிட்டது. கேட்டைத் திறந்து உள்ளே வந்தவரைப் பார்த்து அந்தப் பிள்ளை, “அம்மா, மாமா உள்ள வர்றாங்க!” என்று ஏதோ அதிசயம் நடந்துவிட்டதுபோலக் கத்தியது. தங்கை அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை. தரையில் நோட்டுகளைப் பரப்பி வைத்திருந்த பிள்ளைக்கு எதிரே அண்ணன் சப்பணமிட்டு உட்கார்ந்தார். சுற்றி வளைத்துப் பேச அவருக்குத் தெரியாது.

“பாப்பா, அப்பா விளையாட்டுக்கு ஏறலே. நான்தான் ஏறச் சொன்னேன். எல்லார்கிட்டயும் பொய் சொல்லிட்டேன்.”

பிள்ளை பென்சிலைக் கீழே வைத்தது. “எதுக்கு மாமா ஏறச் சொன்னீங்க?”

“ஒரு போட்டோவுக்கு. முன்னாடி எடுத்ததுல அட்டை தலைகீழா இருந்துச்சு.”

“அப்பா தப்பா எடுத்துட்டாரா?”

“தப்பெல்லாம் இல்லேம்மா. அதை வச்சே எழுதியிருக்கலாம். எனக்குத்தான் பொறுக்கலே.”

பிள்ளை தரையில் கிடந்த பென்சிலை உருட்டியது. கோபமா, அழுகையா, ஒன்றும் தெரியவில்லை.

“அப்புறம் அந்தப் போட்டோவை எடுத்தாரா?”

நொறுங்கிய கேமராவிலிருந்து மெமரி கார்டை உருவியது அண்ணன்தான். அன்று ஒரே ஒருமுறை கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார். ரிப்போர்ட்டில் பதினான்காம் எண்ணுக்கு நேராகச் சேர்த்தார். அப்புறம் அந்த ஃபைலை அவர் திறக்கவே இல்லை.

“எடுத்தார்.”

“நல்லா வந்துச்சா?”

அண்ணன் உருண்ட பென்சிலை எடுத்து நேராக வைத்தார்.

“நல்லா வந்துச்சு பாப்பா. அட்டை நேரா இருந்துச்சு. ஓரத்துல… ஓரத்துல அப்பாவோட கட்டைவிரல் தெரியும்.”

சொல்லிவிட்டு அழுதார். பதினோரு மாதமாக வராத அழுகை, ஒன்பது வயதுப் பிள்ளைக்கு எதிரில், வாய்விட்டு வந்தது. தங்கை அடுப்படி வாசலில் வந்து நின்றாள், கிட்டே வரவில்லை.

பிள்ளை அவர் முழங்காலைப் பிடித்து உலுக்கியது.

“அந்தப் போட்டோ எனக்கு வேணும் மாமா.”