கறுத்து விழுந்த பட்டை

இருட்டறையிலிருந்து ஈரம் சொட்டும் ஃபிலிமுடன் வெளியே வந்த மக்பால், அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். மருந்து போடாத புற்றுச் செல்களில் மங்கலாக இருந்த, மேல் கைனேஸ் என்ற புரதத்தின் பட்டை, மருந்து போட்டவற்றில் கன்னங்கரேலென்று விழுந்திருந்தது. பட்டை கறுத்தால் அந்தப் புரதம் விழித்திருக்கிறது என்று அர்த்தம்.

பக்கத்து மேஜையில் தேநீருக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்த சல்தனாத் எட்டிப் பார்த்தாள். "அடிப்பாவி! எர்மெக் சொன்னதுதான் சரியாப் போச்சா?"

"சும்மா இருங்கக்கா."

மேல் கைனேஸ் கீழ் கைனேஸைத் தட்டி எழுப்பும்; எழுந்தது திரும்பி மேலுள்ளதை அடக்கி வைக்கும். கீழுள்ளதை மருந்தால் முடக்கினால் மேலுள்ளது அடக்க ஆளின்றித் துள்ளும், அதனால்தான் புற்று திரும்பி வருகிறது என்று, அப்போது அவளோடு இதே ஆய்வகத்தில் வேலை பார்த்த எர்மெக் அடித்துச் சொல்வான். அவள் மறுப்பாள். சண்டை ஆய்வகத்தில் தொடங்கி பேருந்து நிறுத்தம்வரை நீளும். இருவரும் வேண்டுமென்றே இரண்டு பேருந்துகளைத் தவறவிடுவார்கள். பிறகு அவன் ஜெர்மனிக்குப் போனான். போகாதே என்று அவள் சொல்லவில்லை. வா என்று அவனும் கூப்பிடவில்லை. அவனில்லாத இத்தனை வருடமும் அவள் ஆராய்ந்ததெல்லாம் அவனுடைய கேள்வியைத்தான்.

தாழ்வாரத்துக்குப் போய் எர்மெக்குக்குப் போன் செய்தாள்.

"நீ சொன்னதுதான்டா. மேல இருக்கறது துள்ளுது."

அந்தப் பக்கம் பழைய சிரிப்பு வெடித்தது. "தோத்தியா? எத்தன தடவ பாத்த?"

"மூணு தடவ. மூணும் ஒரே மாதிரி."

சிரிப்பு மெல்ல அடங்கியது. "மக்பால், நான் ஆய்வையே விட்டுட்டேன். இங்க ஒரு கம்பெனியில மிஷின் விக்கறேன். கட்டுரைய நீயே எழுதிடு. என் பேரெல்லாம் வேணாம்."

கட்டுரைத் தலைப்பின் கீழே ஒரே வரியில் இருவர் பெயரும் வரும் என்பதைத்தான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் எதையும் கேட்க அவளுக்குத் துணிச்சல் வந்ததில்லை.

"உன் பேரு வரும்," என்றாள். "என் பேருக்குப் பக்கத்துலதான் வரும். வேணாம்னா நேர்ல வந்து அத அடிச்சுட்டுப் போ."

"படத்த அனுப்பு, பாக்கறேன்," என்றான் அவன்.

ஃபிலிமை ஜன்னல் கண்ணாடியில் வைத்து விரலால் அழுத்திப் படமெடுத்தாள். படத்தில் அவளுடைய நகமும் விழுந்திருந்தது. வெட்டாமலே அனுப்பினாள். கையை எடுத்த பிறகும் ஈர ஃபிலிம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு நின்றது. அதன் வழியே தெரிந்த மலையின் பனிச்சரிவில், அந்தக் கறுத்த பட்டை குறுக்கே கிடந்தது.