அய்யாத்துரை கடைத் தண்ணீர்

அப்பாவின் தொழிலை மறைக்க வேண்டும் என்று மகிமா எந்தத் தீர்மானமும் எடுத்திருக்கவில்லை. கேட்டபோது வாய் தானாக வேறொன்றைச் சொல்லிவிட்டது.

அவள் சமூகப்பணி முதுகலை இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். நைரோபியில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆறு வாரம் தங்கிப் படிக்க அவள் கல்லூரியிலிருந்து எட்டுப் பேரை அனுப்பினார்கள். நல்ல தண்ணீர் யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைப்பதில்லை, ஏன் என்பதுதான் படிப்பு. ராயபுரம் கல்மண்டபத்தில் அவள் அப்பா அய்யாத்துரைக்குக் கேன் தண்ணீர் வியாபாரம். நாசரேத் பக்கமிருந்து வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. கடைக்குப் பின்னால் போர்வெல் போட்டு, மெஷின் வைத்து, தண்ணீரைச் சுத்தம் செய்து காசிமேடு வரைக்கும் கொடுத்துவந்தார். “எம்பிள்ள தண்ணியப் பத்திப் படிக்க வெளிநாடு போறா” என்று கேன் எடுக்க வந்தவர்கள் ஒருவர் விடாமல் எல்லோரிடமும் சொன்னார்.

நைரோபியில் தகரக் கொட்டகைகள் நெருக்கியடித்த ஒரு குடியிருப்பில் மரியம் என்ற பெண்ணை மகிமா பேட்டி எடுத்தாள். துணி துவைத்துப் பிழைப்பவள். படிவத்திலிருந்த கேள்விகளுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னாள். கூட வந்த உள்ளூர் மாணவி மொழிபெயர்த்தாள். கடைசியில் மரியம், “இங்கே தண்ணி விக்கிறவங்க வீட்ல அந்தத் தண்ணியக் குடிக்கிறதில்ல. அதையும் எழுதிக்கோ” என்றாள். பிறகு சிரித்துக்கொண்டே, “உங்க அப்பாவுக்கு என்ன வேலை?” என்று கேட்டாள்.

“மளிகைக் கடை” என்றாள் மகிமா.

திரும்பி வரும் வண்டியில் அவளுக்கு வீட்டு அடுக்களை கண்ணில் வந்து நின்றது. அம்மா தங்கபுஷ்பம் தினமும் குழாய்த் தண்ணீரைச் சீரகம் போட்டுக் கொதிக்கவைப்பாள். வீட்டில் குடிப்பது அதைத்தான். கடைக் கேன் ஒன்றுகூட வீட்டுக்குள் வந்ததில்லை. ஏன் என்று யாரும் கேட்டதும் இல்லை.

ஊர் திரும்பிய மூன்றாம் நாள், கல்லூரிப் பரிசோதனைக்கூடத்திலிருந்து இரண்டு பாட்டில் வாங்கிவந்தாள். படிப்புக்கு என்றதும் அய்யாத்துரையே குழாயைத் துடைத்துவிட்டுப் பிடித்துக்கொடுத்தார். ஒன்று மெஷின் குழாயிலிருந்து, இன்னொன்று வண்டியில் ஏறத் தயாராக இருந்த கேனிலிருந்து. நான்கு நாள் கழித்து முடிவு வந்தது. இரண்டிலும் சாக்கடைக் கிருமி இருந்தது.

அவர் தாளைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். “இது எந்தக் கடைட்டி?”

“நம்ம கடைதாம்ப்பா.” அவளே கேட்டாள். “கிருமியக் கொல்றதுக்கு மெஷின்ல ஒரு நீல விளக்கு எரியுமே, அது எரியலையே?”

“அது போயி மூணு மாசமாச்சி. சர்வீஸ்காரன் இந்தா வாரேன், நாளைக்கு வாரேன்னுட்டே இருந்தான். ஃபில்டர்தான் ஓடுதுல்லா, போதும்னு நெனச்சிட்டேன்.”

மூன்று மாசம் என்றதும் இருவருக்கும் ஒரே ஆள் ஞாபகம் வந்தது. இரண்டு தெரு தள்ளி, துறைமுகத்தில் மீன் எடுத்து விற்கும் அங்கம்மாவின் மகள் மலர். அந்த மூன்று மாசத்துக்குள்தான், கர்ப்பத்தின் ஏழாம் மாசத்தில், அவளுக்கு மஞ்சள்காமாலை வந்து குழந்தை இறந்தே பிறந்தது. மகிமா நைரோபியில் இருந்தபோது அம்மா போனில் சொன்ன செய்தி. அந்த வீட்டுக்குத் தண்ணீர் இங்கிருந்துதான் போனது.

“அதுக்கும் இதுக்கும்…” என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

“தெரியலப்பா. யாராலயும் உறுதியாச் சொல்ல முடியாது. அந்தத் தெருக் குழாயும் நாறிக்கிட்டுதான் வருது.”

“அப்போ சொல்லி என்ன ஆவப்போவுது?”

மகிமா மரியத்தைப் பற்றிச் சொன்னாள். மளிகைக் கடை என்று சொன்னதையும் சொன்னாள்.

“எந்தொழிலச் சொல்ல வெக்கமா இருந்துச்சோ?”

“வெக்கமில்லப்பா. பயமா இருந்துச்சு.”

அய்யாத்துரை எழுந்து மெஷினை நிறுத்தினார். கேன் ஏற்றிப் போன வண்டிகளைப் போன் போட்டுத் திருப்பினார். காலை பதினொரு மணிக்கு ஷட்டரை இறக்கி, ‘தண்ணீர் சரியில்லை, வாங்கிய தண்ணீரைக் குடிக்க வேண்டாம்’ என்று அட்டையில் எழுதி மாட்டினார். சட்டையைப் போட்டுக்கொண்டு, “வா, போவோம்” என்றார்.

அங்கம்மா வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். “இன்னா அண்ணாச்சி, கடைய சாத்திக்கினு பொண்ணோட வந்துகிறே?” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

அவர் உட்காரவில்லை. விளக்கு போனதையும், டெஸ்ட்டில் வந்ததையும் நின்றபடியே சொன்னார். அங்கம்மாவின் கை பாத்திரத்துக்குள்ளேயே இருந்தது.

“டாக்டரு தண்ணியாலதான்னாரு. எந்தத் தண்ணின்னு நாங்க கேக்கல” என்றாள். “குழாத் தண்ணி கலீஜா வருதுன்னுதானே உங்கைல வாங்கினோம். புள்ளத்தாச்சிப் பொண்ணுன்னு அதுக்கு மட்டும் உன் கடைத் தண்ணி. நாங்கல்லாம் குழாத் தண்ணிதான்.”

அய்யாத்துரை கையெடுத்துக் கும்பிட்டார். அழுகையில் அவர் உடம்பு குலுங்கியது. மகிமா அப்பாவை இதற்குமுன் அப்படிப் பார்த்ததில்லை.

“போ அண்ணாச்சி” என்றாள் அங்கம்மா. குரல் உயரவில்லை. “இப்ப போய்டு.”

பதினெட்டு நாள் கடை திறக்கவில்லை. விளக்கு மாற்றி, தொட்டி தேய்த்து, மறுபடி டெஸ்ட் எடுத்து, முடிவைக் கடை முகப்பில் ஒட்டிய பிறகுதான் திறந்தார். பாதி வீடுகள் திரும்பி வரவில்லை. அவர் யாரையும் கூப்பிடவும் இல்லை. அங்கம்மாவின் தெருக் குழாய்த் தண்ணீரையும் மகிமா டெஸ்ட்டுக்குக் கொடுத்தாள். அதிலும் அதே கிருமி. தெருப் பெண்கள் அந்தத் தாளோடு நாலு தடவை குடிநீர் வாரிய அலுவலகத்துக்குப் போனார்கள். வாரிய ஆட்கள் பாதித் தெருவைத் தோண்டிக் குழாய் மாற்றினார்கள். மீதிக்கு இன்னும் தேதி சொல்லவில்லை.

தான் சொன்ன பொய்யை மகிமா நைரோபிப் பேராசிரியருக்கு எழுதினாள். மரியத்திடமும் சொல்லச் சொன்னாள். ஆய்வுக்கட்டுரையை அழித்துவிட்டு அப்பாவின் கடையிலிருந்து தொடங்கினாள். ஆனால் மலரைப் பற்றி ஒரு வரியும் எழுத வரவில்லை. கேட்க அவளுக்கு என்ன உரிமை இருக்கிறது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து வரும்போது மலரே அவளைக் கூப்பிட்டாள். ரொம்ப மெலிந்திருந்தாள். உள்ளே உட்காரவைத்து, “தண்ணியப் பத்தி எழுதறியாமே” என்றாள்.

“ஆமாக்கா.”

“நம்ம தெருவப் பத்தியும் வருமா?”

“வரும். உங்களப் பத்தி எழுத மாட்டேன்க்கா.”

“இல்ல, எழுது. எம்பேரு மட்டும் வோணாம்.” மலர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். “புள்ளைக்குப் பேரு வச்சிட்டிருந்தோம். அத்த எழுதிக்கோ” என்று சொல்லி, முதல் நாள் காய்ச்சலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.