ஒரு பொந்து மட்டும்

எலி அடிப்பது என் பிழைப்பு. விஷம் வைப்பது, பசை தடவுவது எல்லாம் பொறுமைசாலிகள் செய்கிற வேலை, எனக்கு ஒத்துவராது. என்னிடம் கட்டையன் இருக்கிறான். முழங்கால் உயரம்கூட இல்லாத நாய். ஒரு காது பாதிதான் இருக்கும், மீதி போனது ஒரு பெருச்சாளியின் உபயம். கிடங்கில் இருக்கும் பொந்துகளை எல்லாம் துணியும் கண்ணாடிச் சில்லும் திணித்து நான் அடைப்பேன். ஒன்றை மட்டும் விட்டுவைப்பேன், அதன் வாயில் கட்டையன் நிற்பான். பிறகு நான் உள்ளே போய் மூட்டைகளைத் தடியால் அடித்துக் கலைப்பேன். மற்றதை அவன் பார்த்துக்கொள்வான்.

அன்று மதியம் மாவுக் கிடங்கில் வேலை. அந்தக் கிடங்கு மேனேஜருக்கு ஒரு கிறுக்கு. சுவர் முழுக்க மிருகப் படங்களாக ஒட்டி, ஒவ்வொன்றின் கீழும் ஒரு உபதேசம் எழுதிவைத்திருக்கிறார். எறும்பு தன்னைவிடப் பெரிய சுமையைத் தூக்குகிறதாம், சிலந்தி விழுந்தாலும் மறுபடி ஏறுகிறதாம், நாமும் பெரிய காரியத்தைக் கண்டு மலைக்கக் கூடாதாம். நசுங்கிச் செத்த எறும்பை யாரும் படம் பிடித்து ஒட்டுவதில்லை.

கட்டையன் வேலை செய்வதை அவர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். எலிகள் மடை திறந்த மாதிரி வந்தன. ஒன்றைக் கவ்வுவான், ஒரே உலுக்கு, முதுகெலும்பு முறிகிற சத்தம் கேட்கும், துப்பிவிட்டு அடுத்தது. எறும்புப் படத்தின் மேலெல்லாம் ரத்தம் தெறித்தது. இன்னும் எத்தனை வருகிறது என்று அவன் தலை நிமிர்ந்து பார்ப்பதே கிடையாது. "பாத்தீங்களா, வாயில இருக்கறத மட்டும்தான் பாக்குது," என்றார் மேனேஜர், கண் கலங்காத குறையாக. அடுத்த படம் இவனுடையதுதான் என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் அந்த வார்த்தை எனக்குள் எங்கோ போய் ஒட்டிக்கொண்டது.

ஏனென்றால் நான் மலைத்துப்போய் நின்ற காரியம் ஒன்று இருந்தது. என் தங்கையை அவள் புருஷனிடமிருந்து மீட்டுக்கொண்டு வரவேண்டும். அவன் கிரேன் ஓட்டுகிறவன், வாசலில் குனிந்துதான் நுழைவான். அவன் அடித்த அடியில் அவளுக்கு ஒரு காது ஏற்கெனவே கேட்காது. நானோ அவன் தோளுக்குக்கூட வரமாட்டேன். அதனால் போகாமல், போனில் அவளைத் திட்டுவேன், உனக்கெல்லாம் ரோஷமே கிடையாதா என்று.

செத்த எலிகளைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தபோது தங்கை போனில் கூப்பிட்டாள். குரலே இல்லை, மூச்சுதான் வந்தது. "அக்கா, இன்னைக்குக் கொன்னுருவான்," என்றாள். பின்னால் ஏதோ உடைந்தது, பேச்சு நின்றுவிட்டது.

கட்டையனைத் தூக்கி வேனில் போட்டுக்கொண்டு பறந்தேன். அந்தக் கிரேன்காரன் உடம்பு முழுவதையும் பார்க்காதே, கையைப் பார், அதை உடை, பிறகு அடுத்த கை என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மேனேஜர் கேட்டிருந்தால் பூரித்துப்போயிருப்பார்.

தங்கை வீட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. அங்கே வேனை நிறுத்தி இறங்கியதும் என் கை தன்பாட்டுக்கு வேலையை ஆரம்பித்துவிட்டது. பின்கதவின் வெளித் தாழ்ப்பாளை இழுத்துப் போட்டேன். இந்தப் பக்கம் அடைத்தாயிற்று, முன்வாசல் ஒன்றுதான் பாக்கி, அங்கே நான் நிற்கலாம். ஓடப்போவது யார் என்று மண்டையில் உறைக்கவே இல்லை.

வேனில் கிடந்த இரும்புக் கம்பியை எடுத்து ஓங்கிக்கொண்டு முன்வாசலுக்கு வந்தேன். உள்ளே வெறுங்கால்கள் பின்பக்கமாக ஓடுகிற சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால் பூட்ஸ் கால்கள். பின்கதவைப் படபடவென்று அறைந்து அலறியது என் தங்கை. தப்பிக்க நேரம் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள், நான் போய் அடைத்துவிட்டேன்.

உள்ளே பாய்ந்தேன். சமையலறையில், அவள் முடியைக் கொத்தாகப் பிடித்துத் தலையைக் கதவில் மோதிக்கொண்டிருந்தான். கம்பியால் அவன் முதுகில் ஒன்று போட்டேன். திரும்பிக்கூடப் பார்க்காமல் முழங்கையால் ஒரு இடி இடித்தான். என் பல் தெறித்து விழுந்தது, கம்பியும் கையைவிட்டுப் போனது. கூடவே ஓடிவந்த நம் வீரர் கட்டையனோ மேஜைக்கு அடியில் மூத்திரம் பெய்துகொண்டு நடுங்கினார். மனுஷனைக் கடிக்கக் கூடாது என்று அடித்து அடித்துப் பழக்கியவளும் நான்தான். தவழ்ந்து போய்த் தங்கை புருஷன் காலைக் கட்டிக்கொண்டேன். அவன் உதறிய உதறலில் விலாவில் ஏதோ முறிந்தது.

எங்கள் தொழிலில் எல்லோருக்கும் ஒரு பயம் உண்டு. ஒரு பொந்துகூட விடாமல் அடைத்துவிட்டால் எலி ஓடாது, நம் முகத்தில் பாயும். என் தங்கை பாய்ந்தாள்.

அவன் இரண்டு காதையும் பிடித்துத் தொங்கி, கன்னத்தில் பல்லை இறக்கினாள். அவள் விலாவில் குத்தினான், சுவரில் அடித்தான், அவள் விடவில்லை. கடைசியில் சதை பிய்ந்து வந்தது. அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு மண்டியிட்டதும் அடுப்பிலிருந்த இரும்புச் சட்டியை எடுத்து முழங்கையில் போட்டாள். எலும்பு உடைந்த சத்தம் எனக்குப் பழக்கமான சத்தம்தான், அளவு மட்டும் பெரியது. அடுத்து மண்டைக்கு ஓங்கினாள். "போதும்டி, இவனுக்காக நீ ஜெயிலுக்குப் போகாத," என்று அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்தேன்.

வேனில் பாதி வழி வந்ததும் ஜன்னல் வழியாக ரத்தத்தைத் துப்பிவிட்டு, பின்கதவை யார் சாத்தினது என்று கேட்டாள். மறைக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது, மனசு வரவில்லை. நான்தான், பழக்கதோஷம் என்றேன்.

"அந்தக் கதவு வழியா எத்தனையோ தடவ ஓடியிருக்கேன்க்கா. தெருவுல சுத்திட்டு, நானே திரும்பி வந்து அதையே தட்டுவேன். போறதுக்கு வேற எடம் இல்ல."

"எடம் இல்லையா? நான் ஒருத்தி இருக்கேனே. எங்கிட்ட ஏண்டி வரல?"

அவள் வீங்கிய உதட்டைத் துடைத்துக்கொண்டாள். "நீ திட்டுவ," என்றாள்.